உண்டியலோடு நின்றவர்களே, சொல்லுங்கள்: பூங்காவுக்கும் கடற்கரைப் பாதுகாப்புக்கும் வசூலுக்குப் போனபோது சந்தித்த மனிதர்கள்

பொருளாளர் (கடற்கரை, பூங்கா இரண்டுக்கும் பொதுவான குழு)

திறப்பு விழா நடத்தக்கூடிய பொருளுக்குப் பணம் கேட்காமலேயே வருகிறது. ஊஞ்சல், இருக்கை, நீரூற்று என்று எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் முன்வந்துவிடுவார். அதே ஊஞ்சலுக்கு எண்ணெய் போடவும் சங்கிலி மாற்றவும் பணம் வேண்டும் என்று கேளுங்கள், "அதற்கெல்லாமா வசூல்?" என்பார்கள். உயிர் காப்பதோ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைச் செலவுதான்.

தந்தையின் நினைவாக ஓர் இருக்கை வைக்க விரும்பிய ஒரு பெரியவரைச் சந்தித்தேன். நல்ல மனிதர், தாராளமானவர். கடற்கரையில் மாட்டியிருக்கும் மிதவை வளையங்களுக்குக் கயிறு மாற்ற வேண்டும், அதற்கும் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டேன். "கயிற்றில் பெயர் எழுத முடியாதே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார்.

பையில் இருந்த பழைய கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதால் இந்த வேலைக்கு பாலிப்ரொப்பிலீன் கயிறு பயன்படுகிறது, நைலான் மூழ்கிவிடும். ஆனால் வெயில் இதைத் தின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரியவர் விரலால் நெருடியதும் இழைகள் தூளாக உதிர்ந்தன. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், அறுந்துவிட்டது. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கடலில் தத்தளிக்கும் ஒருவரை இந்தக் கயிற்றால்தான் கரைக்கு இழுக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை.

இருக்கையையும் வைத்தார், கயிறுக்கும் கொடுத்தார். அவரைச் சந்தித்த பிறகு எங்கள் குழுவில் ஒரு விதி வந்தது: யார் எதை நன்கொடையாகத் தந்தாலும் அதன் சில ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே தர வேண்டும். இந்த விதியைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

உயிர்காப்புத் தன்னார்வலர்

நான் உண்டியலைப் பிடித்துக்கொண்டு கடற்கரையிலேயே நிற்பவள். வீடு வீடாகப் போவதைவிட இது எளிது, ஏனென்றால் எதற்காகக் கேட்கிறோம் என்பது கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் "எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், உங்கள் சேவை எனக்கு வேண்டாம்" என்று சொல்பவர்கள் தினமும் வருவார்கள்.

அப்படி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். காவலுள்ள நீச்சல் பகுதியைக் காட்டும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் கூட்டமாக இருக்கிறது, அலையும் அடிக்கிறது, நாங்கள் அந்தப் பக்கம் போகிறோம் என்று கை காட்டினார். அவர் காட்டிய இடத்தில் அலையே உடையவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் ஒரு கருத்த, அமைதியான பட்டை. குழந்தைகளுக்கு ஏற்ற இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அவரைக் காவல் மேடை மேல் ஏற்றிக் காட்டினேன். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அதுதான். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை, நீர் கடலை நோக்கி ஓடுகிறது. நுரையும் பாசியும் வெளியே போய்க்கொண்டிருந்ததை மேலிருந்து அவரே பார்த்தார். இந்த நீரோட்டத்தின் வேகம் சில நேரம் வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே இழுக்கிறது. மாட்டிக்கொண்டவர் எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் உயிர் போகிறது. மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

"அப்படி இழுத்தால் கத்துவார்களே, நீங்கள் ஓடிவர மாட்டீர்களா?" என்று கேட்டார். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவது எப்படி? கைகளை ஆட்டி அழைக்கவும் முடியாது, அவை தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் போய்விடும். அதனால்தான் பார்ப்பதற்கென்றே ஒருவர் மேடையில் உட்கார வேண்டியிருக்கிறது, அவருக்குச் சம்பளமும் தர வேண்டியிருக்கிறது.

அவர் குழந்தைகளைக் கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போனார். உண்டியலில் ஒன்றும் போடவில்லை. என் கணக்கில் அது வரவுதான்.

வசூலுக்குப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டவன்

முதல் பதிவோடு எனக்கு உடன்பாடு பாதிதான். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மையார் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பூங்காவைச் சுத்தமாக வைப்பதற்கு நான் வரி கட்டவில்லையா தம்பி? நீங்களே வசூல் செய்து அந்த வேலையைச் செய்தால், அடுத்த வருடம் அவர்கள் அந்தப் பணத்தை வேறு எதற்காவது திருப்பிவிட மாட்டார்களா?" அப்போது சமாளித்துப் பேசிவிட்டு வந்தேன். பிறகு அவர் சொன்னதுதான் நடந்தது. எங்கள் குழு புல் வெட்டும் செலவை ஏற்றுக்கொண்டதும், பூங்காவைப் பராமரிக்க வேண்டிய நிர்வாகம் தன் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது. "நீங்கள்தான் நன்றாகச் செய்கிறீர்களே" என்ற பாராட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

அதனால் இப்போது ஒரு ரூபாயோ ஒரு டாலரோ வாங்குவதற்கு முன்னால் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் உடன்பாடு கேட்கிறோம்: நீங்கள் இதுவரை செலவிட்ட தொகை குறையக்கூடாது, எங்களுடையது அதற்கு மேல். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் சீரழிந்து கிடந்த காலத்தில், 1980 இல், அதற்கென்றே ஒரு தனியார் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பூங்காவுக்கான பணத்தில் பெரும்பகுதியை அதுவே திரட்டுகிறது. ஆனால் நிலம் நகரத்தினுடையதுதான், யார் எதைச் செய்வது என்பதற்கு நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தமும் உண்டு. பிரிட்டனில் 1824 இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பு இன்றும் முக்கியமாக நன்கொடையில்தான் ஓடுகிறது. அது 2001 முதல் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்களை நிறுத்திவருகிறது. அந்தச் செலவில் உள்ளாட்சிகளும் ஒரு பங்கு தருகின்றன. அவ்வளவு பெரிய அமைப்புகளே எல்லை வகுத்துக்கொள்ளும்போது, ரசீதுப் புத்தகமும் கையுமாக அலையும் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அந்த அம்மையார் கடைசியில் கொடுத்தார். ரசீது எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

பூங்காக் குழுவில் இருக்கும் ஒரு தாய்

இலவசமாக வருவதை மறுப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. ஒருவர் தன் வளாகத்திலிருந்த பழைய ஏறுசட்டத்தையும் சறுக்கு மரத்தையும் பூங்காவுக்குத் தர வந்தார். புதுவண்ணம் பூசி, வண்டியில் ஏற்றி, வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

நான் அளவுநாடாவை எடுத்தேன். விளையாட்டுச் சாதனங்களில் கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் நடுவில் இருக்கக்கூடாது. அதைவிடக் குறைவாக இருந்தால் குழந்தையின் உடம்பே உள்ளே போகாது. அதைவிட அதிகமாக இருந்தால் தலையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். நடுவில் இருந்தால் கால் நுழையும், இடுப்பு நுழையும், தலை மாட்டும். கால் தரையைத் தொடாமல் குழந்தை கழுத்தில் தொங்கும். அவர் கொண்டுவந்த சட்டத்தில் மேல்தளத்துக் கம்பிகளின் இடைவெளி 15 சென்டிமீட்டர்.

"என் பிள்ளைகள் இதில்தானே வளர்ந்தார்கள்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு பேச முடியாது, பேசவும் கூடாது. அளவுநாடாவை அவரிடமே கொடுத்தேன். அளந்து பார்த்தார், திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இன்னொன்று: சாதனத்துக்குப் பணம் தருகிறவர்கள் தரையை மறந்துவிடுகிறார்கள். பூங்காவில் குழந்தைகளுக்கு ஏற்படும் பலத்த காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால் வருபவை. சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 1.8 மீட்டருக்கு மரச்சீவலோ ரப்பரோ விரித்திருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இதைவிட அதிகம். மரச்சீவல் மிதிபட்டு ஊஞ்சலுக்குக் கீழேதான் முதலில் பள்ளமாகும், சரியாக விழுகிற இடத்தில். அதை நிரப்ப வருடா வருடம் செலவு. "தரைக்கு நிதி தாருங்கள்" என்ற துண்டறிக்கைக்கு இதுவரை ஒருவரும் உற்சாகம் காட்டவில்லை. யாரிடமாவது நல்ல வாசகம் இருந்தால் சொல்லுங்கள்.

முன்னாள் செயலாளர்

சுருக்கமாக ஒன்று. ஒரு நிறுவனம் பெரிய தொகை தர முன்வந்தது, நிபந்தனை கடற்கரைக் கொடிகளில் தங்கள் சின்னம் வேண்டும் என்பது. சிவப்பு மேலே, மஞ்சள் கீழே இருந்தால் காவலுள்ள நீச்சல் பகுதி என்று அர்த்தம். பல நாடுகளில் இந்தக் கொடி இப்படித்தான். வெறும் சிவப்பு என்றால் இறங்காதே. மொழி தெரியாதவரும் தூரத்திலிருந்தே புரிந்துகொள்ள வேண்டிய கொடியில் விளம்பரமா? உபகரணக் கொட்டகைச் சுவரைத் தருகிறோம் என்றோம். பேரம் பேசினார்கள், பிறகு சுவருக்கே ஒப்புக்கொண்டார்கள். தொகையைப் பாதியாக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீச்சல் நிகழ்ச்சி நடத்தியவர்

ஜூலை 25 ஐ நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக ஐ.நா. பொதுச்சபை 2021 இல் அறிவித்தது. அந்த நாளை ஒட்டி நாங்கள் கடல் நீச்சல் வைத்தோம். நீந்துகிறவர் ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் இத்தனை தூரத்துக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்கிவர வேண்டும். மிதவை வளையங்களும் மீட்புப் பலகை ஒன்றும் வாங்குவது நோக்கம்.

அன்று காலை தலைமை உயிர்காப்பாளர் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டார். பந்தல், ஒலிபெருக்கி, சட்டையில் எண் குத்திய நீச்சல்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் எல்லாம் தயார். அலை உயரம் அப்படி ஒன்றும் பயமுறுத்துவதாகத் தெரியவில்லை. "ஒரு சுற்று மட்டும் விடுங்கள்" என்று கேட்டவர்களில் எங்கள் குழுத் தலைவரும் ஒருவர். இருபது வயதைச் சற்றே தாண்டிய அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கக்கூட இல்லை. "எதற்காகப் பணம் திரட்டுகிறீர்கள் என்று உங்கள் பந்தலிலேயே எழுதியிருக்கிறது, சார்" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. தலைவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

பிறகு பணத்தின் கதை. நீந்தவில்லையே, வாக்குறுதிப் பணம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். முன்பணம் தந்தவர்களில் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம், யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. பெரும்பாலானோர் கேட்கவில்லை. மீட்புப் பலகை வாங்கினோம், வளையங்களுக்குப் போதவில்லை. வரவு, செலவு, திருப்பித் தந்தது மூன்றையும் கடற்கரை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதைப் படித்துவிட்டு, திரும்ப வாங்கிப்போன ஒருவர் அதே தொகையைக் கொண்டுவந்து கட்டினார், ஆனால் தன் பெயரைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த முறைக்கான படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "உயிர்காப்பாளர் தடுத்தால் நீச்சல் நடைபெறாது, அப்போது உங்கள் தொகையை என்ன செய்யலாம் என்பதைக் கீழே குறிக்கவும்." இரண்டு கட்டங்கள், நன்கொடையாக வைத்துக்கொள்க, திருப்பித் தருக. மூன்றாவதாக "கடற்கரையோர நடைக்கு மாற்றுக" என்று ஒன்று வைக்கலாமா என்பதில் குழுவுக்குள் இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நீச்சல்காரர்கள் நடக்க மாட்டார்களாம்.