மீன் தொட்டியில் கை விட்டால் முழங்கை வரை அரிப்பு: எந்தக் கையுறை சரிப்படும்?

பாசிப்பச்சை (கேட்டவர்)

வணக்கம். வீட்டில் செடிகள் அடர்த்தியாக வளர்த்த நன்னீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, ஆழமும் அதிகம். தண்ணீர் மாற்றி, கண்ணாடியில் பாசி சுரண்டி முடித்ததும் இரண்டு கையும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து அரிக்கிறது. இரவுக்குள் அடங்கிவிடும், அடுத்த முறை திரும்ப வரும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தேன். அடிமணல் வரை கையை விட்டால் மேல் விளிம்பு வழியாகத் தண்ணீர் புகுந்து உள்ளே தேங்கிவிடுகிறது. எல்லோரும் எதைப் போடுகிறீர்கள்?

அப்புறம் இன்னொரு சந்தேகம். கல்லை நகர்த்தும்போது விரல் மூட்டில் ஒரு கீறல் பட்டது. தோல் மூடிவிட்டது, ஆனால் அதே இடத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டி நிற்கிறது. வலி இல்லை. வாரக்கணக்கில் அப்படியே இருக்கிறது. இதற்கும் அரிப்புக்கும் சம்பந்தம் உண்டா?

கல்லும் மணலும்

கையுறை பற்றி மட்டும் சொல்கிறேன். தண்ணீர் புகுந்த கையுறை, கையுறை இல்லாததை விட மோசம். அழுக்குத் தண்ணீரில் தோல் ஊறிக்கொண்டே இருக்கும். ஆழமான தொட்டிக்குத் தோள் வரை வரும் கையுறைதான் வேண்டும், மேல் விளிம்பில் எலாஸ்டிக் இருப்பதாகப் பாருங்கள். கால்நடை மருத்துவர்கள் மாட்டைப் பரிசோதிக்கப் போடும் நீளமான பிளாஸ்டிக் உறையும் உதவும். அது தொளதொளவென்று இருக்கும், விரலுக்குப் பிடிமானம் கிடைக்காது. அதன் மேல் இறுக்கமான நைட்ரைல் கையுறை ஒன்றைப் போட்டால் செடி நடக்கூட வரும்.

லேடெக்ஸ் வேண்டாம், சிலருக்கு அந்த ரப்பரே அரிப்பைக் கொடுக்கும். உள்ளே பவுடர் தடவியதும் வேண்டாம். போடுவதற்கு முன் ஊதி, விளிம்பைத் திருகிப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்குமிடத்தில் குமிழி வரும். தொட்டிக் கையுறையைத் தொட்டிக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் பட்டது உள்ளே போனால் மீன்களுக்கு ஆபத்து.

உப்புநீர்

பாசிப்பச்சை, கையுறையை விட அந்தக் கட்டிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. தயவுசெய்து தோல் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மீன் தொட்டிகளில் மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன், கீறல் வழியாக உள்ளே போகும். சுமார் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளர்வதால், உடலின் உட்பகுதியை விடக் குளிர்ச்சியான விரல், கை, முழங்கையில்தான் பெரும்பாலும் நிற்கும். கீறல் பட்டு 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் கட்டி தெரியும். சில நேரம் மாதங்கள்கூட ஆகும். அதற்குள் கீறலையே மறந்திருப்போம். சிலருக்குக் கையில் மேல்நோக்கி வரிசையாகப் புதுக் கட்டிகள் கிளம்பும்.

மருத்துவரிடம் முதல் வாக்கியமே "என்னிடம் மீன் தொட்டி இருக்கிறது, அதில் வேலை செய்யும்போது பட்ட கீறல் இது" என்று இருக்கட்டும். இதைச் சொல்லாததால்தான் பலருக்கு நோய் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. சதைத் துணுக்கு எடுத்து வளர்த்துப் பார்க்கும்போது ஆய்வகம் வழக்கமான 37 டிகிரியில் மட்டும் வைத்தால் கிருமி தவறிப்போகலாம். 30 டிகிரியிலும் வைக்கச் சொல்ல வேண்டும், முடிவு வர 6 வாரம்கூடப் பிடிக்கலாம். அதுவாக இருந்தால் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியிருக்கும், ஆனால் குணமாகும். வீட்டிலிருக்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் தடவாதீர்கள். தொற்றாக இருந்தால் அது இன்னும் பரவ வழி செய்யும்.

வேறு சாதாரணக் கட்டியாகவும் இருக்கலாம், நான் மருத்துவர் இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் நல்லது.

வேர்முடிச்சு

அரிப்பு விஷயத்தில் இரண்டு கேள்வி. செடி வளரவும் பாசி குறையவும் விற்கும் லிக்விட் கார்பன் என்ற திரவத்தை ஊற்றுகிறீர்களா? மீனுக்கு உலர்ந்த பிளட்வோர்ம் (சிவப்புப் புழுத் தீனி) போடுகிறீர்களா?

பாசிப்பச்சை

உப்புநீர், நன்றி. நாளைக்கே போகிறேன். வேர்முடிச்சு, பிளட்வோர்ம் கிடையாது. லிக்விட் கார்பன் உண்டு. தண்ணீர் மாற்றும் நாளில் சிரிஞ்சில் எடுத்து பாசி பிடித்த இடத்தில் நேராகப் பீய்ச்சிவிட்டு, பிறகு சுரண்டுவேன்.

வேர்முடிச்சு

அப்படியென்றால் என் சந்தேகம் அதன்மேல்தான். லிக்விட் கார்பன் என்று விற்பவற்றில் பலவற்றில் இருப்பது குளுட்டரால்டிஹைடு. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படும் பொருள். தோலை எரிச்சலூட்டும், தொடர்ந்து பட்டால் ஒவ்வாமையாகவே மாறலாம். தொட்டி முழுக்கக் கலந்தபின் அளவு குறைவுதான், ஆனால் பீய்ச்சிய இடத்திலேயே கை வைத்தால் அப்படி இல்லை. முதலில் சுரண்டுங்கள், தண்ணீர் மாற்றுங்கள், கையை வெளியே எடுத்த பிறகு மருந்து ஊற்றுங்கள். அளக்கும்போதும் நைட்ரைல் கையுறை போடுங்கள். அரிப்பு நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிளட்வோர்ம் கேட்டதற்குக் காரணம், அந்தப் புழுவின் ஹீமோகுளோபினே சிலருக்கு ஒவ்வாமை. அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல், மூச்சுத்திணறல் வரை போகும். இதைப் படிக்கும் மற்றவர்களும் கவனியுங்கள்.

கல்லும் மணலும்

கையுறை போட்டாலும் ஹீட்டர், ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும். ஹீட்டர் கண்ணாடி விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அந்த இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இருப்பது அவசியம்.

பாசிப்பச்சை

மருத்துவர் துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார். தொட்டி பற்றிச் சொன்னதும் 30 டிகிரி விஷயத்தை அவரே எழுதிக் கொடுத்தார். வரிசையை மாற்றிச் செய்ததில் இந்த முறை அரிப்பு இல்லை. முடிவு வரும் வரை தொட்டியை என்ன செய்வது? மீன்களைக் கொடுத்துவிட வேண்டுமா?

உப்புநீர்

கொடுக்க வேண்டாம். இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது, தொட்டி சும்மா இருப்பதால் வீட்டில் யாருக்கும் ஆபத்தில்லை. தையல் ஆறும் வரை நீங்கள் தண்ணீரில் கை விடாதீர்கள், பிளாஸ்திரியை நம்பியும் வேண்டாம். கையில் காயம் இல்லாத, நோய் எதிர்ப்பாற்றல் குறையாத ஒருவர் நீளக் கையுறையோடு தண்ணீர் மாற்றட்டும். தண்ணீர் இறக்கும் சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம், வாளித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். மெலிந்துபோகும், உடலில் புண் வரும் மீன் ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.