கழிப்பறை கட்டி முடித்தாகிவிட்டது, பயன் வந்ததா என்று எப்படி அளப்பது?

ஒன்றியத்துக்காரன்:

வணக்கம். நான் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும். கேள்வி கொஞ்சம் நீளம்.

எட்டு வருடமாக நான் நிரப்பும் எந்த அறிக்கையிலும் முக்கியமான கட்டங்கள் இரண்டுதான், இலக்கு, சாதனை. இத்தனை கழிப்பறை, இத்தனை குழாய் இணைப்பு, செலவு இவ்வளவு. சாதனை இலக்கைத் தொட்டுவிட்டால் ரிவ்யூ மீட்டிங்கில் நம் ஒன்றியத்தை எழுப்பி நிறுத்த மாட்டார்கள், அந்த நிம்மதிக்காகவே மாசக் கடைசியில் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எண்களை ஏற்றியிருக்கிறேன். இப்போது புதிதாக வந்திருக்கும் மேலதிகாரி, எத்தனை கட்டினீர்கள் என்று சொன்னது போதும், கட்டியதால் ஜனங்களுக்கு என்ன மாறியது என்று காட்டுங்கள் என்கிறார். துப்புரவுக்கு எதை அளக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், உண்மையாகவே கேட்கிறார். அதனால்தான் ஏனோதானோ என்று எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு கழிப்பறைக்கு 12,000 ரூபாய். கட்டி முடித்ததும் பயனாளியை முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து, இடத்தோடு சேர்த்து ஏற்ற வேண்டும். அந்தப் படங்களில் நூற்றுக்கணக்கானவை நான் எடுத்தவை. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது, நான் படம் எடுத்த ஒரு பாட்டி வீட்டில் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். பின்பக்கம் பார்த்தால் கழிப்பறைக்குள் விறகும் எருவட்டியும் அடுக்கியிருக்கிறது. கேட்டதற்கு அவர் கோபப்படவே இல்லை. "மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது. இருக்கிற ரெண்டு குடத்த இதுல ஊத்திட்டா சோறாக்க என்ன பண்றது தம்பி?" என்றார். என் அறிக்கையில் அந்த வீடு சாதனை. குடிநீர்ப் பக்கத்து அறிக்கையிலும் அது சாதனைதான், குழாய் இணைப்பு கொடுத்தாகிவிட்டதே.

என் குழப்பம் இரண்டு. ஒன்று, விளைவை யார் அளப்பது? நானே அளந்தால் எட்டு வருடம் நடந்ததுதான் இனியும் நடக்கும். இரண்டு, என் கையில் இல்லாத ஒன்றுக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? தண்ணீர் வராததற்கு என் பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், என்ன செய்வார்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோப்பு:

தம்பி, நிதித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இது புது யோசனை இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2005இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோதே மத்திய அரசு அவுட்கம் பட்ஜெட் என்று தனியாக ஒன்றைத் தாக்கல் செய்தது. செலவு ஒரு பத்தி, அதில் என்னென்ன கட்டப்படும் என்பது ஒரு பத்தி, அதனால் என்ன நன்மை என்பது ஒரு பத்தி. மூன்றாவது பத்தியைப் படித்துப் பார்த்தால் பல இடத்தில் இரண்டாவது பத்தியே வேறு வார்த்தையில் உட்கார்ந்திருக்கும். இத்தனை கிலோமீட்டர் சாலை போடப்படும் என்று ஒரு பக்கம், சாலை வசதி மேம்படும் என்று இன்னொரு பக்கம். சந்தைக்குக் காய்கறி கொண்டுபோக முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது என்று அளந்தால்தானே அது விளைவு? அதை அளக்க ஒரு முன்கணக்கு வேண்டும், திட்டம் தொடங்கும் முன்பே யாராவது போய்க் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. உங்கள் ஒரு பக்கத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள், இன்றைய நிலையை முதலில் எண்ணி வைக்க வேண்டும் என்று.

செவிலியக்கா:

நான் கிராம சுகாதார செவிலியராக 30 வருடம் இருந்தேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் என் துறையில் ஒரு பதில் இருக்கிறது. கழிப்பறைக்கு அப்படியே பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பிரசவத்தில் தாய் இறப்பதை நாங்கள் எண்ணினோம். எத்தனை கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம், எத்தனை தடுப்பூசி என்பதற்கெல்லாம் ரெஜிஸ்டர் இருந்தது, ஆனால் ஒரு தாய் இறந்துவிட்டால் அந்த ரெஜிஸ்டர் எதுவும் காப்பாற்றாது. இறந்த செய்தி 24 மணி நேரத்துக்குள் மேலே போக வேண்டும். பிறகு வீட்டுக்கே போய் கணவரிடம், மாமியாரிடம், பக்கத்து வீட்டில் எல்லாம் கேட்போம். எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வண்டி எப்போது வந்தது, முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், ரத்தம் எப்போது கிடைத்தது. அப்புறம் கலெக்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிடத்தையும் பார்ப்பார்கள், சில நேரம் அந்தக் குடும்பத்தையும் அழைத்து வருவார்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், இரண்டாவது பிரசவம், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் போய்விட்டாள். 23 வயது. ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று இன்னொன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. மீட்டிங்கில் என்னைத் திட்டப்போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அங்கே என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, அந்த முதல் ஆஸ்பத்திரியில் ரத்தம் இருக்காது என்று உனக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றேன். அப்படியானால் இனி அந்த வழியில் வரும் கேஸை எங்கே நேராக அனுப்புவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். எல்லா மீட்டிங்கும் இப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆளைப் பிடித்துக் கத்திய மீட்டிங்கும் உண்டு. கத்தினால் அடுத்த முறை சாவை மறைக்கத்தான் பார்ப்பார்கள், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 54. சீமாங் மையங்கள் என்ற அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் நர்ஸ், 2008இல் வந்த 108 வண்டி எல்லாம் சேர்ந்து செய்தது இது. எந்த இடத்தில் எது இல்லை என்பதை அந்தக் கேள்விகள்தான் காட்டிக் கொடுத்தன. இன்னொன்றைக் கவனியுங்கள், இந்த 134, 54 எண்களை நாங்கள் எழுதவில்லை. கணக்கெடுப்பு ஆட்கள் வேறு, அவர்களுக்கு எங்கள் இலக்கோடு சம்பந்தமே கிடையாது.

ஒரு வேதனையையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வேறொன்று வளர்ந்துவிடும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்தால் 63.8. இதற்குப் பல காரணம் உண்டு, பணமும் உண்டு, எதற்கு வம்பு என்ற டாக்டரின் பயமும் உண்டு. அதனால் ஒரு எண்ணை வைத்தால் அதற்குக் காவலாக இன்னொரு எண்ணையும் வையுங்கள்.

கரும்பலகை:

அக்கா சொன்ன கடைசி விஷயம் பள்ளிக்கூடத்தில் அப்படியே நடக்கிறது. நான் ஆசிரியர். முன்பு ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் வைப்பார்கள். நூறு சதவீதம் எப்படி வந்தது என்றால், ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். ஒரு பையன், கணக்கு மட்டும் வராது, மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருப்பான். அவன் அப்பா ஆபீஸ் அறை வாசலில் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த மாசமே நான் அங்கிருந்து வந்துவிட்டேன். தேர்ச்சி சதவீதம் விளைவு மாதிரி தெரியும், ஆனால் யாரை வெளியே தள்ளினார்கள் என்று எண்ணாதவரை அது விளைவே இல்லை.

ஏசர் கணக்கெடுப்பு எனக்குப் பிடிப்பது இதனால்தான். பிரதம் என்ற தொண்டு அமைப்பு நடத்துவது. பள்ளிக்கு வருவதில்லை, வீட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் எடுத்தபோது தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைப் படித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசவில்லை. நாங்கள் ஏற்றிய மதிப்பெண் பட்டியலில் அந்தப் பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆக்லாந்துவாசி:

நான் நியூசிலாந்தில் 15 வருடமாக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியில், அதாவது கழிப்பறை ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை, இரண்டும் சாதனை, பாட்டிக்கு மட்டும் பயன் இல்லை என்பதில், இந்த நாடு நிறையத் தடுமாறி ஒரு வழியைத் தேடியது.

1988இல் ஒரு சட்டம் கொண்டுவந்து துறைத் தலைவர்களை ஒப்பந்தத்தில் நியமித்தார்கள். இந்தப் பணத்துக்கு இந்த வேலையை முடித்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு வழக்கு சுத்தமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் பட்டியலை மட்டும் பார்த்தார்கள். இரண்டு துறைக்கு நடுவில் விழுந்த பிரச்சினை யாருடைய பட்டியலிலும் இல்லை. 2012இல் அன்றைய அரசு ஐந்து வருடத்துக்குப் பத்தே பத்து இலக்குகளை அறிவித்தது. எல்லாமே விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் சில துறைத் தலைவர்கள் கூட்டாகப் பொறுப்பு, எங்கே நிற்கிறோம் என்பதை மக்கள் பார்க்க வெளியிட்டார்கள்.

அதில் ஒன்று ருமாட்டிக் காய்ச்சல். பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வரும், சிகிச்சை இல்லாமல் விட்டால் சிலருக்கு இதய வால்வு கெட்டுப்போகும். இங்கே அது மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. நெரிசலான, குளிரும் ஈரமுமான வீடுகள் ஒரு பெரிய காரணம். மாத்திரை கொடுப்பது சுகாதாரத் துறை, வீடு வேறு துறை. இலக்கு வைத்ததும் பள்ளியிலேயே நர்ஸ் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார், இன்னொரு பக்கம் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குக் கதகதப்பு வசதி, திரைச்சீலை, படுக்கை ஏற்பாடு. நோயை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, 2017க்குள் லட்சத்துக்கு 1.4 ஆக்குவது இலக்கு. முதலில் குறைந்தது, பிறகு ஏறியது, இலக்கைத் தொடவே இல்லை. ஆனாலும் அதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அந்த எண் இருந்ததால்தான் வீட்டுத் துறைக்காரர் ஒரு குழந்தையின் தொண்டையைப் பற்றிப் பேச வேண்டி வந்தது.

2017 கடைசியில் வேறு ஆட்சி வந்து, 2018இல் அந்த இலக்குகளை எடுத்துவிட்டது, 2024இல் மறுபடி ஒன்பது இலக்குகள் வந்திருக்கின்றன. ஆட்சி மாறினால் அளவுகோலும் மாறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடவே முடியாது.

ஒன்றியத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. செவிலியக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

சரி, என் ஒரு பக்கத்தை இப்படி யோசித்து வைத்திருக்கிறேன். கழிப்பறை எண்ணிக்கையை எடுக்க மாட்டேன், அது செலவுக் கணக்குக்கு வேண்டும். அதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அன்றைக்குக் கழிப்பறைக்குப் போனார்களா என்பது, வீடாகக் கேட்காமல் ஆளாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பெண்கள் போவார்கள், ஆண்கள் வெளியே போவார்கள், வீடு என்று எழுதினால் அது மறைந்துவிடும். எங்கள் ஆட்கள் கேட்கக்கூடாது, பக்கத்து ஒன்றியத்துக் கல்லூரி மாணவர்களை வைத்துக் கேட்கலாமா என்று பார்க்கிறேன். இரண்டாவது, ஐந்து வயதுக்குக் கீழே வயிற்றுப்போக்கு கேஸ். இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து எடுக்கலாமா அக்கா?

செவிலியக்கா:

எடுக்கலாம், ஆனால் அதை வைத்து யாருக்கும் மார்க் போடாதீர்கள். பாதிப் பேர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், ரெஜிஸ்டருக்கே வராது. நீங்கள் நல்லபடியாக வேலை செய்து ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தால் கேஸ் கூடினாலும் கூடும், அப்போது வேலை கெட்டுப்போனது மாதிரி தெரியும். எந்தத் தெருவில் திடீரென்று ஏறுகிறது என்று பார்த்து அங்கே போய்க் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமானது ஒன்றை விட்டுவிட்டீர்கள் தம்பி. அந்தப் பாட்டி தண்ணீரைத்தானே சொன்னார்?

ஒன்றியத்துக்காரன்:

ஆமாம் அக்கா, விட்டுவிட்டேன். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்திலேயே ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று இருக்கிறது, எங்களிடம் இருப்பது இணைப்பு எண்ணிக்கை மட்டும். நாளைக்கு அந்த ஊர் டேங்க் ஆபரேட்டரைப் பார்க்கப் போகிறேன், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறார், எத்தனை மணிக்கு மூடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அதே நேரத்தை அந்தப் பாட்டி வீட்டுக் காலண்டரிலும் குறிக்கச் சொல்கிறேன், அவர் பேத்தி ஏழாவது படிக்கிறாள். மாசக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.