புதுப்பிப்பு: சங்கப் பாடல் மேற்கோளுக்குப் பக்க எண்ணோடு மூலம் எடுப்பது

குறுந்தொகை மேற்கோளுக்கு அச்சுப் பதிப்பின் பக்க எண் இணையத்தில் கிடைக்குமா என்று எம்.ஏ. மாணவர்களுக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது "தேடுவது ஓரிடம், மேற்கோள் காட்டுவது வேறிடம்" என்ற யோசனைதான்.

முதலில் மதுரைத் திட்டத்தின் (தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் தன்னார்வ முயற்சி) மின்னுரையில் பாடல் எண்ணைப் பிடிக்க வேண்டும். யூனிகோடு என்பதால் தேடல் எடுபடும், ஆனால் சந்தியைக் கவனியுங்கள்: 40ஆம் பாடலில் "பெயல் நீர்" என்று தட்டினால் சிக்காமல் போகலாம், "பெயனீர்" என்றும் போட்டுப் பாருங்கள். பிறகு அந்த எண்ணோடு தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பதிப்பைத் திறக்கலாம். பிடிஎஃப் காட்டும் எண்ணை அப்படியே எழுதிவிடாதீர்கள். முகவுரைப் பக்கங்களும் அதில் சேர்ந்துவிடும்; தாளில் அச்சாகியிருப்பதே பக்க எண். பதிப்பாண்டு தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோ இருக்கும்.

எதிர்பாராதது சோத்கங்காவில், அதாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில். ஆய்வேடுகள் இயல் வாரியாகத் தனித்தனிக் கோப்புகள். தமிழில் பல, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை. நகலெடுத்து ஒட்டினால் குப்பைதான் விழும், உள்ளே தேடவும் முடியாது. பொருளடக்கக் கோப்பைத் திறந்து கண்ணால் பார்ப்பதே வழி.