மாசி 1035 டிராக்டர்: கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, டீசல் பம்பைக் கழற்றலாமா?

கண்டனூர்க்காரன்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) ஓட்டிய டிராக்டர், மாசி பெர்குசன் 1035. சிம்சன் மூன்று சிலிண்டர் இன்ஜின். அவருக்குப் பிறகு வருடக்கணக்காக வீட்டின் பின்வாசல் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. உழவுக்காகக் கேட்கவில்லை. அவர் வைத்திருந்த மாதிரியே இதை ஓடவைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இன்ஜின் ஆயில், பேட்டரி, டீசல் பில்டர் எல்லாம் புதுசு. நாசில் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது) மூன்றையும் காரைக்குடியில் டெஸ்ட் செய்து மாட்டினேன். செல்ஃப் தொட்டதும் எடுக்கிறது, புகையும் இல்லை. ஆனால் கால் மணி நேரம் ஓடியதும் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அப்படியே அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இதை நம்பி எப்படிக் கண்மாய்க் கரை வரை எடுத்துப் போவது?

டீசல் பம்ப் கடையில் ஹெட் ரோட்டர் (பம்புக்குள் சுற்றி டீசலைப் பிரித்து அனுப்பும் பாகம்) போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். செலவு ஒருபக்கம் இருக்கட்டும். வண்டியோடு வந்த சிஏவி கம்பெனி பம்பைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. பிரிப்பதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

லேத்துப் பட்டறை
தம்பி, பம்பைத் தொடாதீர்கள்.

உங்களுடையது மாதிரி ரோட்டரி பம்பில் ரோட்டர் தேய்ந்தால் அதன் குணம் வேறு. டீசல் சூடாகி இளகியதும் தேய்ந்த இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். ஓடுகிற வண்டி பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. உங்களுக்கோ ஓடும்போதே மூச்சு முட்டி நிற்கிறது. டீசல் வந்து சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சந்தேகம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். வண்டி நின்றதும் செல்ஃப் அடித்துப் பாருங்கள். எடுக்காவிட்டால் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள். ஆறியதும் எடுத்தால் ரோட்டர் மேல் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது பம்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது, இறுகிவிடும்.

செம்மண் காடு
எனக்கு டீசல் லைனில் ஏர் (காற்று) பிடிக்கிற மாதிரித் தெரிகிறது. முதலில் பில்டர் மேல் உள்ள ஸ்க்ரூ, அப்புறம் பம்பில் இரண்டு இடம் (ஹெட் பக்கம் ஒன்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடி மேல் ஒன்று), கடைசியாக நாசில் நட்டுகள். இந்த வரிசையில் தளர்த்தி ஏர் எடுங்கள். ஏசி பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் சின்னப் பம்ப்) கை நெம்பு அழுத்தம் இல்லாமல் லூசாக ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அதைத் தள்ளுகிற கேம் மேடு அந்த இடத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் நெம்பு பிடிக்கும். பேஞ்சோ போல்ட்டில் (டீசல் குழாயை மாட்டும் துளையுள்ள போல்ட்) பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா
ஏர் எடுப்பது சரிதான், ஆனால் ஏர் எங்கிருந்து வருகிறது என்று அதில் தெரியாது. கேன் வைத்துப் பாருங்கள் தம்பி. ஐந்து லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல் ஊற்றி இன்ஜினை விட உயரத்தில் கட்டுங்கள். கேனிலிருந்து ஏசி பம்புக்கு, உள்ளே தெரிகிற மாதிரி ட்யூப் போடுங்கள். டேங்க் லைனைக் கழற்றி அடைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். அப்போதும் நின்றால் ஏசி பம்பிலிருந்து இன்ஜின் வரை உள்ள பக்கம்.

இன்னொன்று. டேங்க் வழியாக ஓட்டி வண்டி நின்ற நிமிடமே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள துளை அடைத்திருக்கிறது.

அவசரமே வேண்டாம். 1959 கடைசியில் இங்கிலாந்தில் மாசி 35-இல் மாட்டிய பெர்க்கின்ஸ் 3.152, கிட்டத்தட்ட 2.5 லிட்டர் இன்ஜின், அதன் வழியில் வந்ததுதான் உங்களுடையது. இங்கே மாசி வண்டிகளைச் செய்கிற டாஃபே கம்பெனி 1960-இல் சென்னையில் தொடங்கியது, இந்த வண்டிகளுக்கு இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. கையில் இருக்கிற ஒரிஜினலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் யாராவது பழைய மீட்டரையும் ஹெட்லைட்டையும் விலைக்குக் கேட்டால் கொடுத்தும் விடாதீர்கள்.

கண்டனூர்க்காரன்
ஐயா, கேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது! சத்தம் கொஞ்சம்கூட மாறவில்லை, ட்யூபில் ஒரு குமிழி இல்லை. மூடியில் 'உஸ்' சத்தமும் இல்லை.

டேங்கை இறக்கி, டீசலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றினேன். உள்ளே நிற்கிற குழாயைச் சுற்றியுள்ள வலையில் துருச் செதில், அதன் மேல் கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். விரலால் தேய்த்தால் பாசி மாதிரி வருகிறது. ஓடும்போது செதில் வலையில் போய் ஒட்டுகிறது, நின்றதும் கீழே விழுகிறது. அதனால்தான் மறுபடி எடுத்திருக்கிறது.

டேங்கை எப்படிச் சுத்தம் செய்வது? பித்தளைக்குப் போடுகிற மாதிரிப் புளித்தண்ணீர் ஊற்றலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

லேத்துப் பட்டறை
புளி வேண்டாம். சக்கை மூலையில் தங்கிவிட்டால் அதுவே திரும்ப அடைக்கும். சிறு சங்கிலி ஒன்றைப் போட்டுக் கொஞ்சம் டீசலும் ஊற்றி நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். துரு மிச்சம் இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே டீசல் ஊற்றி உள்பக்கம் முழுக்க நனையுங்கள். ஈரத்தோடு விட்டால் சாயங்காலமே செம்பழுப்பு ஏறிவிடும். டேங்கில் ஓட்டை தெரிந்தாலும் நீங்களே வெல்டிங் வைக்காதீர்கள், உள்ளே ஆவி நிற்கும். உயிர் விஷயம்.

தேவகோட்டை ரஸ்தா
அந்தக் கறுப்புப் படலம், டேங்கின் அடியில் தங்கிய தண்ணீரில் வளர்ந்த நுண்ணுயிர். பாதி டேங்கோடு நிறுத்தினால் வெற்றிடத்துக் காற்றின் ஈரம் தண்ணீராக அடியில் இறங்கும். ஓட்டாத நாட்களில் டேங்கை நிரப்பி வையுங்கள். மழைக்காலத்தில் பில்டர் அடி ஸ்க்ரூவைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பம்புக்கு டீசல்தான் ஆயில். தண்ணீர் போனால் அன்றைக்கு ரோட்டர் நிஜமாகவே போகும்.

கண்டனூர்க்காரன்
டேங்க் மாட்டிவிட்டேன். கண்மாய்க் கரை வரை போய்த் திரும்பியும் வந்துவிட்டேன், எங்கேயும் நிற்கவில்லை. எல்லோருக்கும் மனசார நன்றி. ஆனால் பின்னால் ஹைட்ராலிக் கை மேலே ஏறவே இல்லை. இதற்குத் தனியாகக் கேட்கவா?

செம்மண் காடு
இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹைட்ராலிக் பம்ப் உள்ளே ஆயிலுக்குள் இருக்கிறது, பிடிஓ (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டு) ஓட்டத்தில்தான் சுற்றும். பிடிஓ லீவர் நியூட்ரலில் இருந்தால் கை ஏறாது. கிளட்சை மிதித்து லீவரைப் போட்டுப் பாருங்கள். ஏறாவிட்டால் கியர் பாக்ஸ் ஆயில் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், இரண்டுக்கும் ஒரே ஆயில்தான்.