பேல் பஜாரில் கிடைத்த நியூவர்க் பேர்ஸ் சட்டை: இது ஆட்டக்காரர் போட்டதா? இதிலிருந்து சேர்க்க ஆரம்பிக்கலாமா?

லிந்துலை_இடக்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டுச் சாமான் சேர்க்கிறவர்கள் எங்கள் பக்கம் யாரும் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

போன மாதம் நுவரெலியா பேல் பஜாருக்கு, அதாவது மூட்டையில் வருகிற வெளிநாட்டு உடுப்புகளை விற்கிற சந்தைக்கு, ஜெக்கெட் வாங்கப் போனேன். குவியலின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டன் சட்டை கிடந்தது. நெஞ்சில் நியூவர்க் என்று ஆங்கிலத்தில், முதுகில் 35. பெயர் எதுவும் இல்லை. கடைக்காரர் 800 ரூபாய் கேட்டார், பேசி 600க்கு எடுத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் நியூவர்க் பேர்ஸ் என்று நியூ ஜேர்சியில் ஒரு பேஸ்போல் அணி இருந்திருக்கிறது. எந்தப் பெரிய கிளப்போடும் சேராத அணி, இப்போது இல்லை. பேஸ்போலில் பெரிய பெயரான ரிக்கி ஹெண்டர்சன் அங்கே ஆடியிருக்கிறார் என்று படித்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

இது ஆட்டக்காரர் போட்டதா, ரசிகர்களுக்கு விற்றதா, எப்படிக் கண்டுபிடிப்பது? வலது இடுப்புப் பக்கம் செம்மண் மாதிரி ஒரு கறை இருக்கிறது. அம்மா அதை சன்லைட் போட்டு ஊறவைத்தே தீருவேன் என்று நிற்கிறார். அப்புறம், இந்த மாதிரி சின்ன அணிகளின் பொருட்களை இங்கே இருந்துகொண்டு சேர்க்க முடியுமா? எங்கள் வீட்டுச் சுவரே ஜூன் மாதம் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும். கடதாசிச் சாமான் தாங்குமா?


டிக்கோயா_லெக்ஸ்பின் எழுதியது:

மச்சான், 600 ரூபாய்க்குச் சட்டை கிடைத்தது, குளிருக்கு உள்ளே போட்டுக்கொண்டு போ. அமெரிக்காவில் மூடிப்போன அணியின் சாமானை லிந்துலையில் வைத்து யாருக்குக் காட்டப் போகிறாய்? சேர்க்க வேண்டுமென்றால் தரவளை கிரவுண்டில் தோட்டத் தொரைமார் கிரிக்கெட் ஆடிய காலத்து ஸ்கோர் புத்தகம், ரதல்லயில் நடந்த ஆட்டங்களின் டிக்கெட், தோட்டத்து ஃபுட்போல் டீம்களின் பழைய படங்கள், இதையெல்லாம் தேடு. அதற்குத்தான் இங்கே ஆள் இல்லை.


ஓய்வு_டீமேக்கர் எழுதியது:

தம்பி, முதல் வேலையாகச் சட்டையை அம்மாவின் கையிலிருந்து வாங்கி வையுங்கள். சன்லைட்டும் வேண்டாம், ரின்னும் வேண்டாம். அந்தக் கறை உங்களுக்குச் சாட்சி.

நான் டிக்கோயாப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தவன். மகள் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறாள். அங்கே போனால் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்த ஊர் பேஸ்போல் அணியான கோல்ட்ஐஸின் ஆட்டம் பார்ப்பதுதான் எனக்குப் பொழுது. கோல்ட்ஐ என்பது அந்த ஊரில் புகை போட்டு விற்கிற ஒரு மீன். அணி 1994இல் நோர்தர்ன் லீக்கில் ஆரம்பித்து முதல் வருஷமே கிண்ணத்தைத் தூக்கியது. இப்போது அமெரிக்கன் அசோசியேஷனில் ஆடுகிறது. வழக்கமான மைனர் லீக் (கீழ்மட்ட லீக்) அணி என்றால் மேலே உள்ள பெரிய லீக் கிளப், யாங்கீஸோ டொட்ஜர்ஸோ, ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்கும். இவர்களுக்கு மேலே யாரும் இல்லை. டிக்கெட்டும் பியரும் தொப்பியும் விற்ற காசில்தான் சம்பளம், பஸ், பந்து எல்லாம். ஒரு வருஷம் கூட்டம் குறைந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். இதைச் சேர்ப்பதில் உள்ள ருசியே அங்கேதான் இருக்கிறது.

உங்கள் நியூவர்க் அணி 1998இல் இப்படிப்பட்ட தனி அணிகளின் அட்லாண்டிக் லீக் தொடங்கியபோதே இருந்தது. பெயர் அதைவிடப் பழையது, 1930களில் யாங்கீஸின் கீழ் ஒரு நியூவர்க் பேர்ஸ் இருந்தது, 1937 அணியைப் பற்றி இன்னும் பேசுவார்கள். புதிய அணியில் 2001இல், பெரிய லீக்கில் பேர் வாங்கிய ஹோசே கன்சேக்கோ ஆடினார். 2003இல் ஹெண்டர்சன் வந்தார், வயது 44. அந்த ஜூலையிலேயே டொட்ஜர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. பெரிய லீக்கில் 1,406 பேஸ் திருடிய (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடுகிறவர் தொட வேண்டிய மூலைக்கு, ஓடிப் பிடித்த) மனிதர், யாரும் கூப்பிடாத நேரத்தில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடியிருக்கிறார். 2013க்குப் பிறகு அணி இல்லை. 2014இல் சாமான்களை ஏலம் விட்டார்கள், பிறகு மைதானத்தையே இடித்துவிட்டார்கள். உங்கள் சட்டை எந்த வழியாகப் பேல் மூட்டைக்குள் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அப்படி ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது.

சாம்பல் நிறம், நெஞ்சில் ஊர்ப்பெயர் என்றால் வெளியூர் ஆட்டத்துக்கான சட்டையின் அமைப்பு. உள்ளூர் ஆட்டத்துக்கு வெள்ளை போடுவார்கள். எண்ணைத் தடவிப் பாருங்கள். துணி வெட்டித் தைத்ததா, மை அச்சா? மைதான வாசலில் இலவசமாகக் கொடுக்கிற சட்டை மெல்லிசாக இருக்கும், எல்லாம் அச்சு, கையிலோ முதுகிலோ ஏதாவது பேங்கின் அல்லது மளிகைக் கடையின் விளம்பரம் இருக்கும், அளவும் பெரும்பாலும் எக்ஸ்எல். ஆட்டக்காரருடையது என்றால் அடியில் உள்ள பட்டியில் 46, 48 என்று எண்ணில் அளவு இருப்பது வழக்கம். ஆனால் கடையில் விற்ற நல்ல ரகத்திலும் எண் வரும், அதனால் அது ஒன்றே போதாது. இடுப்புப் பக்கம் கறை என்கிறீர்கள். பேஸுக்குச் சறுக்கி விழுகிறவனுக்குக் கறை படிகிற இடம்தான் அது. தையல் இழை அறுந்து திரும்பத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, எல்லாம் ஒத்து வந்தாலும் 35 யார் என்று தெரியாவிட்டால் அது வெறும் சட்டைதான். சின்ன அணிகளில் ஒரே எண்ணை ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று பேர் போடுவார்கள், ஆள் வருவதும் போவதுமாக இருக்கும். அதற்கு விடை அந்தந்த வருஷத்துப் புரோகிராம் புத்தகத்திலும் ஆட்டநாளில் கொடுக்கிற ஸ்கோர் தாளிலும்தான் கிடைக்கும். அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: பந்தும் மட்டையும் தேடுவதற்கு முன் கடதாசியைத் தேடுங்கள். பொக்கெட் அளவில் மடித்த ஆட்ட அட்டவணை, டிக்கெட் துண்டு, புரோகிராம், மைதானக் கடையில் மட்டும் விற்ற படக் கார்ட் செட். இதெல்லாம் அன்றைக்கு இலவசம் அல்லது இரண்டு டொலர். யாரும் பத்திரமாக வைக்கவில்லை, அணி போனதும் ஒஃபீஸ் பெட்டிகள் குப்பைக்குப் போய்விட்டன. கையெழுத்துப் பந்து அப்படியில்லை, அதை எல்லாரும் ஷோகேஸில் வைத்திருக்கிறார்கள், பாதிக் கையெழுத்து யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

செயின்ட் பால் செயின்ட்ஸ் ஒரு நல்ல உதாரணம். 1996இல் பெரிய லீக் நட்சத்திரம் டரில் ஸ்ட்ராபெரி அங்கே ஆடி, அதே வருஷம் யாங்கீஸுக்குப் போனார். 1997இல் ஐலா போர்டர்ஸ் என்ற பெண் அந்த அணிக்குப் பந்து போட்டார், ஆண்களின் தொழில்முறை ஆட்டத்தில். அந்த வருஷத்துத் தாள்களில் அவர் பெயர் மற்ற எல்லாருக்கும் நடுவில் அதே சின்ன எழுத்தில் இருக்கும். செயின்ட்ஸ் 2021இல் மினசோட்டா ட்வின்ஸின் கீழே போய்விட்டது, சமர்செட் பேட்ரியட்ஸ் யாங்கீஸின் கீழே. ஆக அவை யாருக்கும் கீழில்லாமல் தனி அணியாக இருந்த காலத்துச் சாமான் இனிமேல் பெருகாது. முழுதாகச் சேர்த்து முடிக்க ஆசைப்படுகிறவருக்கு இப்படிப்பட்ட அணிதான் தோது.

இனி உங்கள் பூஞ்சணம். ஃபெக்டரியில் வாழ்நாள் முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் அதிகாரத்தோடு சொல்கிறேன். பழைய தேயிலைப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? பிளைவூட், உள்ளே அலுமினியத் தாள். கடதாசிச் சாக்கு வந்த பிறகு தோட்டங்களில் அவற்றைக் கோழிக்கூடாக்கிவிட்டார்கள். தாள் கிழியாத ஒன்றை நான் எடுத்து வைத்தேன், என் புரோகிராம்கள் அதில்தான் இருக்கின்றன. மரம் நேரடியாகக் கடதாசியில் படக்கூடாது, அதன் புளிப்பு ஏறி ஓரம் பழுத்துவிடும். பெட்டி கிடைக்காவிட்டால் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், லேசான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம். பெட்டியைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், அடுப்புப் புகை வருகிற பக்கமும் வேண்டாம். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் மழை விடாது, அப்போது பெட்டியைத் திறக்கவே கூடாது. அதே மாதங்களில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். என் தங்கச்சி அங்கே இருக்கிறாள், துணிச் சாமான்களை அவள் வீட்டில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டு எடுத்து வருவேன். வெயிலில் போட்டால் கையெழுத்து மை வெளுக்கும்.

இன்னொன்று. எதையும் லெமினேட் பண்ணாதீர்கள். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழ் முதல் கோயில் படம் வரை லெமினேட் பண்ணுவது ஒரு வியாதி. பண்ணினால் பிறகு பிரிக்க முடியாது, சேர்க்கிறவர் எவரும் தொடமாட்டார். ரப்பர் வாசம் அடிக்கிற பிளாஸ்டிக் உறையும் ஆகாது, பொலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

லெக்ஸ்பின் தம்பி சொல்வதிலும் பாதி சரி. தரவளைச் சாமானையும் சேருங்கள், ஒன்றுக்கு ஒன்று போட்டி இல்லை.


லிந்துலை_இடக்கை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. பார்த்துவிட்டேன். எண் தைத்ததுதான், இரண்டு அடுக்குத் துணி. அடிப்பட்டியில் 48. 5இன் கீழ்மூலையில் வேறு நிற நூலில் திரும்பத் தைத்திருக்கிறது. விளம்பரம் எதுவும் இல்லை. எந்த வருஷம் என்று எங்கேயும் இல்லை.

அம்மாவிடம் "இந்த அழுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது" என்றேன். "அப்படியென்றால் வெந்நீரிலேயே போடு" என்கிறார்.


புசல்லாவை_டொரண்டோ எழுதியது:

திரும்பத் தைத்த நூல் என்றால் எனக்கும் ஆசை வருகிறது தம்பி. விற்கிற எண்ணம் இருந்தால் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள், பெயர் தெரியாத ஆட்டக்காரரின் சட்டைக்கு இங்கேயும் அதிக விலை இல்லை.

ஈபேயில் அணியின் பெயரோடு "புரோகிராம்" என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடலைச் சேமித்து வையுங்கள். தனித்தனியாக வாங்காமல் மொத்தமாக ஒரு கட்டாக விற்கிறவர்களைப் பாருங்கள், யாராவது தாத்தாவின் அலமாரியைக் காலி பண்ணும்போது அப்படி வரும். சாமானைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும் என்பதால் இங்கே உள்ள சொந்தக்காரர் முகவரிக்கு எடுத்து, ஊருக்கு வருகிறவர் பெட்டியில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கடதாசிச் சாமானுக்கு இடமும் பாரமும் குறைவு, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். தலை ஆடுகிற பொபிள்ஹெட் பொம்மை கேட்டால் சுளிப்பார்கள்.

டொரண்டோவில் கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவில் மேப்பிள் லீஃப்ஸ் என்று ஒரு பேஸ்போல் அணி, ஹொக்கி அணி இல்லை. டிக்கெட் எடுக்காமல் புல் சரிவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தனி அணிகள் ஆடுகிற ஃப்ரொன்டியர் லீக்கில் ஒட்டாவா டைட்டன்ஸ், கியூபெக் கெபிட்டல்ஸ் எல்லாம் இருக்கின்றன. ஆட்டத்துக்கு முன் வேலி ஓரம் நின்று கேட்டால் பையன்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லையே. பந்தில் என்றால் நீலப் பேனாதான், மார்க்கர் தோலில் ஊறிப் பரவும். அட்டவணை ஏதாவது கிடைத்தால் உங்களுக்கும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.


ஓய்வு_டீமேக்கர் எழுதியது:

இரண்டு அடுக்கு, 48, திரும்பத் தைத்தது, விளம்பரம் இல்லை. ஆட்டக்காரர் போட்டது என்றே நானும் நினைக்கிறேன் தம்பி, வருஷம்தான் பாக்கி. பட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரையும், உள்ளே துவைக்கும் முறை எழுதிய துண்டையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். தயாரிப்பாளர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை பட்டியை மாற்றுவார்கள், அதைக் கொண்டு காலத்தைக் கொஞ்சம் குறுக்கலாம். அப்புறம் 1998 முதல் 2013 வரை எல்லா வருஷமும் தேட வேண்டியதில்லை, அந்த இரண்டு மூன்று வருஷத்துப் புரோகிராம் மட்டும் வாங்கினால் போதும்.

இன்றைக்கே ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதுங்கள்: நுவரெலியா பேல் பஜார், எந்தத் திகதி, 600 ரூபாய், எந்தக் கடை. சட்டையோடு அது இருக்கட்டும். அம்மாவுக்கு வேறு ஏதாவது சட்டை துவைக்கக் கொடுங்கள்.