போர்க் கல்லறையில் வீடியோ எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் அக்கா மகளோடு தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போகிறேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதில் 500 பேருக்கு மேல் யாரென்றே தெரியாதவர்கள். சாலைக்கு ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள். எதிர்ப்பக்கம் முஸ்லிம்கள், கூர்க்காக்கள், மற்ற இந்திய வீரர்கள். இந்தப் பக்கத்தை யாரும் காட்டுவதில்லை என்று சொல்லித்தான் அவள் ஐந்து நிமிட வீடியோ எடுக்கப் பார்க்கிறாள்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முன்பு ஒருமுறை போனபோது, ஒரு பையன் கல்லறைக் கல்லில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தான். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால், என் பாட்டியின் அண்ணன், போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர். தோட்டத்து ஆள், கல்லும் இல்லை பெயரும் இல்லை. கல் இருப்பவர்களையாவது நாலு பேர் பார்க்கட்டுமே என்றும் தோன்றுகிறது.

ட்ரோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சரி என்றாள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் இடம் அது. யூடியூபில் போடுவதென்றால் அவர்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டுமா? கல்லில் உள்ள பெயரை அருகில் காட்டலாமா? அப்புறம், கல்லறைகளுக்கு நடுவே நின்று பேசுவதா, இல்லை வீட்டுக்கு வந்து குரலை மட்டும் சேர்ப்பதா? அங்கே படம் எடுத்த அண்ணன்மார், அக்காமார் இருந்தால் இந்த வார இறுதிக்குள் சொல்லுங்கள். அவள் இப்போதே ஸ்கிரிப்ட் எழுத ஆரம்பித்துவிட்டாள்.