புரசு பூத்துவிட்டது

மசினகுடிப் பக்கம் இருக்கிறேன். பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான். எங்கள் காட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மாசியிலேயே இலவமரம் இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாக நிற்கும், விழுந்த பூவைத் தின்னப் புள்ளிமான் மரத்தடிக்கு வந்துவிடும். அப்புறம் புரசு. (சென்னைக்காரர்களுக்கு: புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்.) சுற்றுலா வருகிறவர்கள் அண்ணாந்து படம் எடுப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். தேக்கிலை காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்கினால் தீ சீசன் வந்துவிட்டது.

மூன்று வருடம் முன்பு ஒரு மத்தியானம் சாலையோரம் புகை. யாரோ பீடித்துண்டைப் போட்டிருக்க வேண்டும். தீத்தடுப்புக் காவலர்கள் நாலு பேர் பச்சைத் தழையை ஒடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். புல்லில் எரிந்தவரை முழங்கால் உயரம்தான். உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே போய்விட்டது. "அண்ணா, இங்க நிக்காதீங்க, லைனுக்கு வந்துடுங்க" என்று ஒரு பையன் கையைப் பிடித்து இழுத்தான். முன்கூட்டியே புல்லைச் செதுக்கி எரித்து வைத்திருந்த அந்த ஃபயர் லைனில் வந்துதான் தீ அடங்கியது. அதுவரை அதை ஜீப் போகிற பாதை என்றே நினைத்திருந்தேன், வெட்கம்தான்.

*

நான் போடியிலிருந்து எழுதுகிறேன். மார்ச் பிறந்தால் எங்கள் ஊரில் 2018 பேச்சு வராமல் இருக்காது. மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினார்கள், 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அன்று சாயங்காலம் மாடியில் நின்று மலையில் புகையைப் பார்த்தேன். வருடா வருடம் எரிகிறதுதானே என்று காபி குடிக்கக் கீழே போய்விட்டேன். இருட்டிய பிறகுதான் ஆம்புலன்ஸ் சத்தம்.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சூட்டிலேயே மேலே இருக்கும் புல் காய்ந்து தயாராகிவிடும். ஆளுயரப் புல்லுக்குள் எந்தப் பக்கம் ஓடுவது?

*

நான் ஊட்டிக்காரன். இங்கே தீ சீசனுக்குப் பூவுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். ஜனவரி உறைபனியிலேயே புல் கருகிவிடும். பனிக்குக் குளிர்காயப் போட்ட நெருப்பை அணைக்காமல் போகிறவர்களைத்தான் ஒன்றும் சொல்ல முடியவில்லை. போன மாதம் ஒரு கூட்டத்தோடு சண்டையே வந்துவிட்டது.

*

மறுபடியும் மசினகுடி. போடி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புரசு இன்று பூத்திருக்கிறது. மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது. எங்கள் பக்கத்து ஃபயர் லைனில் பாதிதான் செதுக்கியிருக்கிறார்கள்.